தட்டிப் பார்ப்பதும் கேட்டுப் பார்ப்பதும்: அலுவலக நெட்வொர்க்கை அறியும் இரு வழிகள்

நம் நெட்வொர்க்கில் எத்தனை கருவிகள் இருக்கின்றன, எது எந்த ஸ்விட்சின் எந்த போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான அலுவலகங்களில் பதிலாக ஓர் எக்செல் கோப்பு வரும். அதைத் தயாரித்தவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். அதற்குப் பிறகு ஒரு மாடி கூடியிருக்கும், சிசிடிவி கேமராக்கள் வந்திருக்கும், பிரிண்டர்கள் இடம் மாறியிருக்கும். கோப்பு மட்டும் அப்படியே இருக்கும். பழுது வருகிற நாளில் சிஸ்டம் அட்மின் கையில் ஏணியும் டார்ச்சுமாக ஒவ்வொரு கேபிளையும் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருக்கக்கூடிய ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் ஒரு பாக்கெட்டை அனுப்பி, யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பது. மற்றொன்று, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்சுகளிடமும் ரவுட்டர்களிடமும் அவற்றுக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்குவது. முன்னது வீடு வீடாகப் போய் எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால், பின்னது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேட்டைப் புரட்டுவது. முதல் வழியின் முழு வளர்ச்சி என்மேப். இரண்டாவது வழியின் மொழி எஸ்என்எம்பி. சொந்தமாக ஒரு கருவியைக் கட்ட நினைக்கிறவர்கள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். பல நிறுவனங்களில் வரைபடம் பாதியிலேயே நின்றுபோவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கருத்து.

இரண்டும் பிறந்த விதத்திலேயே அவற்றின் குணம் தெரிகிறது. ஸ்கேனுக்கு மூலம் பிங். ஜான் போஸ்டல் 1981ல் எழுதிய ஐசிஎம்பி விதிகளில் 'எக்கோ' என்றொரு செய்தி இருந்தது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் அதன் விதி. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய மைக் மியூஸ், நெட்வொர்க் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக அந்தச் செய்தியை வைத்து ஒரு சிறு நிரல் எழுதினார். அதுவே பிங். 1997 செப்டம்பரில் கார்டன் லயன், ஃபியோடர் என்ற புனைபெயரில், ஃபிராக் என்ற ஹேக்கர் ஏட்டின் 51ஆம் இதழில் என்மேப்பை வெளியிட்டார். சுமார் 2,000 வரிகள், ஒரே கோப்பு. அடுத்த பதிப்பு வரும் என்று அவரே நினைக்கவில்லை. அதனால் அதற்குப் பதிப்பு எண்கூடத் தரவில்லை.

எஸ்என்எம்பி வேறு சூழலில் பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் ரவுட்டர்களைப் பராமரித்தவர்களுக்கு, தூரத்தில் இருந்தபடியே அவற்றின் நலம் விசாரிக்க ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் நால்வரும் எழுதிய வரையறை 1988 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1067 என்ற இணைய ஆவணமாக வந்தது. முறையான சர்வதேசத் தரநிலை தயாராகும்வரை ஓடினால் போதும் என்றுதான் இதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தரநிலை அலுவலகங்களில் வேரூன்றவில்லை. தற்காலிக ஏற்பாடே நிலைத்துவிட்டது. இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1996ல் தொடங்கி, சென்னைப் பொறியாளர்களை நம்பி வளர்ந்த அட்வென்ட்நெட் தன் ஆரம்ப காலத்தில் விற்றது எஸ்என்எம்பி மென்பொருள் கருவிகளைத்தான். 2009ல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனத்தின் ஆப்மேனேஜர் இன்றும் நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கிறது.

ஆக, என்மேப் வெளியில் நின்று பார்ப்பவரின் கருவி. அதற்குக் கடவுச்சொல் வேண்டாம், யாருடைய ஒத்துழைப்பும் வேண்டாம். எஸ்என்எம்பி பொறுப்பில் இருப்பவரின் கருவி. ஒவ்வொரு ஸ்விட்சிலும் முன்கூட்டியே அமைத்து, கேட்பவர் இன்னார் என்று சொல்லி வைத்தால்தான் அது வாய் திறக்கும். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஸ்கேனைக் கட்டுவது எளிது. பைத்தானில் சில பத்து வரிகளில் தொடங்கிவிடலாம். ஒரு சாதாரண அலுவலகப் பிரிவில் 254 முகவரிகள்; எல்லாவற்றுக்கும் பிங் அனுப்பினால் சில நொடிகளில் பட்டியல் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல் நம்பத்தக்கதல்ல. 2004ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து ஃபயர்வால் தானாகவே இயங்குகிறது. அதன்பின் பிங்குக்கு வாய்மூடி இருப்பது கணினிகளின் வழக்கமாகிவிட்டது. இங்கே கைகொடுப்பது ஏஆர்பி. டேவிட் பிளம்மர் 1982ல் வரையறுத்த இந்த முறையில், 'இந்த ஐபி யாருடையது' என்ற கேள்விக்கு உரியவர் தன் நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கணினி அக்கம்பக்கத்தில் யாருடனும் பேச முடியாது. அதனால் ஒரே பிரிவுக்குள் ஸ்கேன் செய்யும்போது என்மேப் தானாகவே ஏஆர்பிக்கு மாறிக்கொள்கிறது. குறை என்னவென்றால், ஏஆர்பி ரவுட்டரைத் தாண்டாது. கணக்குப் பிரிவுக்கு ஒரு விலான் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்), கேமராக்களுக்கு ஒரு விலான் என்று பிரித்து வைத்திருக்கும் அலுவலகத்தில், ஒவ்வொரு விலானுக்குள்ளும் ஸ்கேனருக்கு ஓர் இணைப்பு இருந்தாக வேண்டும்.

ஐபிவி6 வந்தால் கணக்கே புரண்டுவிடும். அதில் ஒரு சாதாரணப் பிரிவின் முகவரி இடம் 64 பிட். நொடிக்குப் பத்து லட்சம் முகவரிகளைத் தட்டினாலும் ஒரே ஒரு பிரிவை முடிக்க 5 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அங்கே தட்டிப் பார்ப்பது உதவாது. ரவுட்டரின் அண்டை அட்டவணையைக் கேட்பதுதான் வழி.

ஆனால் ஒரு கேள்விக்கு ஸ்கேனை விட்டால் வேறு வழியில்லை: அந்தக் கருவியில் என்ன ஓடுகிறது? மேக் முகவரி ஒன்று நான்காம் போர்ட்டில் தெரிகிறது என்று ஸ்விட்ச் சொல்லும். அது 23ஆம் போர்ட்டில் டெல்நெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு உட்கார்ந்திருக்கும் பழைய கேமரா ரெக்கார்டராக இருக்கலாம் என்ற சந்தேகத்தை ஸ்கேன்தான் எழுப்பும். பாதுகாப்பைப் பற்றி அக்கறை உள்ள எவரும் இந்தத் தகவலை இழக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

ஸ்கேனால் சொல்ல முடியாதது இடம். 57ஆம் முகவரி பதில் சொன்னது, சரி; அது எந்த மாடியில், எந்தச் சுவரின் பின்னால்? வரைபடம் என்று நாம் சொல்வது இந்தக் கேள்விக்கான பதிலைத்தானே! அந்தப் பதில் ஸ்விட்சிடம் மட்டுமே இருக்கிறது.

அதைப் பெற மூன்று அட்டவணைகள் போதும். ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணை, எந்த ஐபி எந்த மேக் என்று சொல்லும். ஸ்விட்சின் மேக் அட்டவணை, எந்த மேக் எந்த போர்ட் வழியாக வந்தது என்று சொல்லும். எல்எல்டிபி அண்டை அட்டவணை, எந்த ஸ்விட்சின் எந்த போர்ட் வேறெந்த ஸ்விட்சோடு இணைந்திருக்கிறது என்று சொல்லும். 2005ல் ஐட்ரிபிள்ஈ தரநிலையாக வந்த இந்த எல்எல்டிபி, வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை தன் பெயரையும் போர்ட்டையும் பக்கத்துக் கருவிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றையும் பொருத்தினால் ஐபியிலிருந்து மேக், மேக்கிலிருந்து போர்ட், போர்ட்டிலிருந்து ரேக் என்று சங்கிலி முழுமையாகிவிடும். ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரின் பதிவையும் சேர்த்தால் கணினியின் பெயரும் கிடைக்கும்.

காகிதத்தில் இது சுலபம். எழுத உட்கார்ந்தால்தான் முடிச்சுகள் தெரியும். ஒரு ஸ்விட்சின் மேல்நோக்கிய இணைப்பில், அதற்கு அப்பால் இருக்கும் எல்லாக் கருவிகளின் மேக்கும் தெரியும். அந்த போர்ட்டை விலக்காவிட்டால் ஒரே பிரிண்டர் ஐந்து ஸ்விட்சுகளில் இருப்பதாக வரைபடம் காட்டும். எல்எல்டிபி அண்டையர் உள்ள போர்ட்டில் கருவியை வைக்கக் கூடாது என்ற விதியை முதலிலேயே எழுத வேண்டும். எல்எல்டிபியையே பேசும் ஐபி தொலைபேசிகளுக்கும் வைஃபை அணுகுமுனைகளுக்கும் அந்த விதியில் விலக்கு தர வேண்டும். மேக் அட்டவணை தரும் போர்ட் எண்ணும், மற்ற இடங்களில் வரும் இடைமுக எண்ணும் ஒன்றல்ல. நடுவே இன்னொரு அட்டவணை வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும். சில கருவிகளில் மின்சாரம் போய் வந்தால் இடைமுக எண்களே மாறிவிடும். அதனால் எண்ணை நம்பாமல் போர்ட்டின் பெயரைச் சேமிப்பது நல்லது. சிஸ்கோவின் பல ஸ்விட்சுகள் ஒவ்வொரு விலானுக்கும் தனித்தனியாகக் கேட்டால்தான் மேக் அட்டவணையைத் தரும். எதிர்பாராத இடத்தில் வெற்று அட்டவணை வந்து, நிரலில் பிழையோ என்று பொழுதைக் கழிக்க வைக்கும் இடம் இது.

இந்த வழிக்கும் பெரிய குருட்டுப் புள்ளி உண்டு. மேஜைக்கு அடியில் யாரோ வாங்கி வைத்த எட்டு போர்ட் ஸ்விட்ச், கேள்வியே புரியாத சாதனம். அதற்கு ஐபியும் இல்லை, எஸ்என்எம்பியும் இல்லை. ஆனால் அதன் நிழல் தெரியும். அண்டை ஸ்விட்ச் எதுவும் தன்னை அறிவிக்காத ஒரு போர்ட்டில் ஆறு மேக் முகவரிகள் இருந்தால், அதன் கீழே அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று அர்த்தம், அல்லது மெய்நிகர் கணினிகளைச் சுமக்கும் சர்வர் இருக்கிறது. இரண்டே மேக் என்றால் தொலைபேசியும் அதன் வழியே இணைத்த கணினியுமாக இருக்கலாம். நல்ல கருவி இந்த ஊகத்தை ஊகம் என்றே குறித்து, வரைபடத்தில் புள்ளிக்கோட்டால் காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல் காலம். ஒரு மேக்கிலிருந்து எதுவும் வராவிட்டால், ஸ்விட்சுகள் வழக்கமாக 300 நொடிகளில் அதை அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். இரவில் உறங்கும் பிரிண்டர், எப்போதாவது பேசும் கைரேகை வருகைப் பதிவுக் கருவி எல்லாம் கேட்கப் போகும் நேரத்தில் பட்டியலில் இருக்காது. ஒப்பீட்டில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இதைத்தான். ஸ்கேனர் ஏஆர்பி கேள்வி கேட்டதும் உறங்கும் கருவி விழித்துப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் அதன் மேக்கைப் புதிதாகக் குறித்துக்கொள்கிறது. ஆகவே முதலில் தட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் அட்டவணையைக் கேட்க வேண்டும். இந்த வரிசையில் இயங்கும் கருவிக்குக் கிடைக்கும் வரைபடம், இரண்டையும் தனித்தனியே, தனித்தனி நேரத்தில் ஓட்டி ஒட்டவைப்பதைவிட எவ்வளவோ முழுமையானது. போட்டியாளர்களாக நினைத்த இரண்டில் ஒன்று மற்றதன் நினைவை நிரப்பித் தருகிறது.

வைஃபையில் இரண்டுமே ஏமாறுகின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் தற்செயலான மேக் ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது ஆலை தந்த முகவரி அல்ல என்பது மட்டும் தெரியும். தனிமனித அந்தரங்கத்தைக் காக்க வந்த இந்த ஏற்பாட்டை உடைக்க முயல வேண்டாம். விருந்தினர் கைபேசிகளைத் தனி விலானில் வைத்து, சொத்துப் பட்டியலிலிருந்து விட்டுவிடலாம்.

வரைவது ஒரு நாள் வேலை. கண்காணிப்பது தினசரி வேலை. இதில் தராசு எஸ்என்எம்பி பக்கம் நன்றாகவே சாய்கிறது. பிங் சொல்வது உயிர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். அதுவும் கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து. நடுவில் ஒரு ஸ்விட்ச் செத்தால் அதற்குப் பின்னால் உள்ள நாற்பது கருவிகளும் செத்ததாக நாற்பது எச்சரிக்கைகள் வரும். ஈத்தன் கால்ஸ்டாட் உருவாக்கிய நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், ஒவ்வொரு கருவிக்கும் அதன் முன்னால் நிற்கும் கருவி எது என்று எழுதி வைக்கச் சொல்லி, 'செத்தது' என்பதையும் 'எட்ட முடியவில்லை' என்பதையும் பிரித்துக் காட்டியது. ஆனால் அதைக் கையால் எழுத வேண்டும். எல்எல்டிபியிலிருந்து வந்த வரைபடம் இருந்தால் அந்த உறவு தானாகவே கிடைத்துவிடும்.

பழுதின் முதல் அறிகுறியும் ஸ்விட்சிடமே இருக்கிறது. எலி கடித்த கேபிள் ஒரேயடியாகச் சாகாது. பிங் போய்வந்துகொண்டே இருக்கும். அந்த போர்ட்டின் பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். பயனர் 'சிஸ்டம் ஸ்லோ' என்று புகார் சொல்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். ஆனால் எண்ணிக்கைகளை வாசிக்கிறவர் கவனமாக இருக்க வேண்டும். பழைய 32 பிட் எண்ணி, முழுவேகத்தில் ஓடும் 10 மெகாபிட் இணைப்பில் 57 நிமிடங்களில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். 100 மெகாபிட்டில் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. 1 கிகாபிட்டில் 34 நொடி. டோபியாஸ் ஓட்டிகரின் எம்ஆர்டிஜி என்ற போக்குவரத்து அளவீட்டு மென்பொருள் பழக்கிவிட்ட ஐந்து நிமிட இடைவெளியில் கிகாபிட் போர்ட்டை 32 பிட் எண்ணியால் அளந்தால் வரும் எண் வெறும் பொய். 64 பிட் எண்ணியைத்தான் கேட்க வேண்டும். அதேபோல, எத்தனை நாளாக ஓடுகிறது என்று சொல்லும் எண் நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணுவதால் 497 நாட்களில் பூஜ்யமாகும். நன்றாக ஓடும் ஸ்விட்ச் இரவில் மறுதொடக்கம் ஆனதாக எச்சரிக்கை வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

பழைய பதிவுகளின் மதிப்பையும் சொல்ல வேண்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு குறிப்பிட்ட மணியில் அந்த ஐபி யாருடைய மேஜையில் இருந்தது என்ற கேள்விக்கு, அட்டவணைகளை நாள்தோறும் சேமித்து வைத்த கருவியால் மட்டுமே பதில் சொல்ல முடியும். இன்று ஓட்டும் ஸ்கேன் இன்றைய நிலையைத்தான் சொல்லும்.

இரண்டு வழிகளிலும் ஆபத்து உண்டு, வகைதான் வேறு. ஸ்கேன் நேரடியாகத் தொந்தரவு தரும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பற்றி அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி சில நிகழ்வுகளைப் பதிவு செய்திருக்கிறது. கட்டுப்பாட்டு நெட்வொர்க் ஒன்றில் பிங் அனுப்பிக்கொண்டிருந்தபோது, ஓய்வில் இருந்த 9 அடி நீள ரோபோக் கை ஒன்று திடீரென 180 பாகை சுழன்றது. அறையில் இருந்தவர் அதன் எல்லைக்கு வெளியே நின்றதால் தப்பினார். இன்னோர் இடத்தில் சிப் தயாரிப்பு அமைப்பு உறைந்துபோய் 50,000 டாலர் மதிப்புள்ள வேஃபர்கள் பாழாயின. பிரிண்டர்கள் 9100ஆம் போர்ட்டில் வந்ததையெல்லாம் அச்சிடும் என்பதால், சேவையைக் கண்டறியும் ஸ்கேனில் என்மேப் 9100 முதல் 9107 வரை வழக்கமாகத் தொடுவதில்லை. உங்கள் கருவியும் இந்த விலக்கைக் கடைப்பிடிக்க வேண்டும். இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிரிவை, மருத்துவக் கருவிகள் உள்ள பிரிவைத் தட்டவே கூடாது. அங்கே ஸ்விட்சைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுவலகப் பகுதியிலும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். உரியவர் அனுமதியின்றி கணினி அமைப்பில் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 43ஆம் பிரிவு தடை செய்கிறது.

எஸ்என்எம்பியின் ஆபத்து மௌனமானது. முதல் இரண்டு பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே கேபிளில் போகும். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்ற சொல்லாகவே வந்து சேர்கிறது. மறையாக்கம் உள்ள மூன்றாம் பதிப்பு 2002லேயே முழுத் தரநிலையானது. இருந்தும் அமைக்கச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். மேலும், எல்லாக் கருவிகளின் கடவுச்சொல்லும் ஒரே இடத்தில் குவிவதால் கண்காணிப்புக் கருவியே முதல் இலக்காகிறது. 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் தாக்குதலில், ஓரியன் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில்தான் தாக்குதல் நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்கள்வரை அந்தப் புதுப்பிப்பைப் பெற்றிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. நாம் கட்டும் சிறு கருவிக்கும் வாசிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமையை ஒருபோதும் தரக் கூடாது.

என் தீர்ப்பு இது. நேரமோ ஆளோ குறைவாக இருந்து ஒன்றைத்தான் கட்ட முடியும் என்றால், நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சுகள் உள்ள எந்த நிறுவனமும் கேட்கும் வழியைக் கட்ட வேண்டும். இடத்தையும் பழுதையும் கடந்த காலத்தையும் அது சொல்லும். கருவிகளைத் தொந்தரவு செய்யாது. சாதா ஸ்விட்சுகள் மட்டுமே உள்ள சிறு அலுவலகத்துக்கு ஏஆர்பி ஸ்கேனே கதி. அங்கே வரைபடம் கிடைக்காது, பட்டியல் கிடைக்கும். இரண்டையும் கட்ட முடிந்தவர்கள், வண்ண வண்ணமாக ஆடும் படத்தை முகப்பில் வைக்காமல், இரண்டும் முரண்படும் இடங்களின் பட்டியலை வைக்க வேண்டும்: ஸ்விட்சுக்குத் தெரிந்தும் எந்த ஸ்கேனுக்கும் பதில் சொல்லாத மேக், பதில் சொல்லியும் எந்த போர்ட்டிலும் அகப்படாத ஐபி, நேற்று இரண்டாம் மாடியிலும் இன்று கிடங்கிலும் தெரியும் கருவி. காலையில் அட்மின் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

கட்டத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன், உங்கள் நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் எவை எவை இன்னும் 'பப்ளிக்' என்ற சொல்லுக்குப் பதில் சொல்கின்றன என்று பாருங்கள். சொல்கிறவற்றை அன்றே மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.